கட்டைக்கால் பன்ரம் கோழி: முட்டை ஏன் பொரிக்கவில்லை, குஞ்சு ஏன் நெடுங்காலாக வந்தது?

விசுவமடுவில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டது இது. போன வருடம் வவுனியாவில் ஒருவரிடம் கட்டைக்கால் பன்ரம் கோழி வாங்கினார், ஒரு சேவலும் இரண்டு பேடும். இதுவரை மூன்று தரம் அடை வைத்திருக்கிறார். இருபத்தி நான்கு முட்டையில் பதினொரு குஞ்சுதான் வந்தது. அதில் ஐந்துதான் தாய் தகப்பன் போலக் கட்டைக்கால். நாலு குஞ்சுக்குக் கால் நீண்டுவிட்டது. கடைசி அடையில் வந்த இரண்டு இப்போதே தாயின் உயரத்துக்கு வந்துவிட்டன. "விற்றவர் கலப்புக் கோழியைத் தந்து ஏமாற்றிவிட்டாரா? இந்த இனத்தை எப்படிப் பெருக்குவது? இதில் வருமானம் பார்க்கலாமா?" என்பது கேள்வி.

தங்கச்சி, முதலில் விற்றவரைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவர் உங்களை ஏமாற்றவில்லை. கட்டைக்கால் சேவலையும் கட்டைக்கால் பேட்டையும் சேர்த்தால் எந்த ஊரிலும் கொஞ்ச முட்டை சாகும், கொஞ்சக் குஞ்சு நெடுங்காலாக வரும். அது இந்த இனத்தோடு பிறந்த கணக்கு. நான் வட்டக்கச்சியில் இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கோழிகளை வளர்க்கிறேன். தொடக்கத்தில் எனக்கும் இது தெரியாது. நெடுங்கால் குஞ்சு வந்தால் "இது சாதி கெட்டது" என்று அயலுக்குக் கொடுத்துவிடுவேன். அது பெரிய பிழை. நீங்கள் அந்த நாலு குஞ்சையும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முதலில் இது என்ன கோழி என்று தெரிய வேண்டும். பன்ரம் என்ற பெயர் ஜாவாத் தீவின் பாந்தன் துறைமுகத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் போன கப்பல்காரர் அங்கே கண்ட சின்னக் கோழிகளை அந்தப் பெயரால் கூப்பிட, பிறகு எந்தக் குள்ளக் கோழிக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதற்குள் பல வகை உண்டு. மலேசியாவின் கிளந்தானில் உருவான செறாமா அரைக் கிலோவும் வராது. பெக்கின் என்பது காலெல்லாம் இறகு மூடிய பந்து போன்ற கோழி. உங்களிடம் இருக்கும் கட்டைக்கால், நிமிர்ந்த வால், நிலத்தைத் தொடும் சிறகு, இதெல்லாம் ஜப்பான்காரர் சாபோ என்று சொல்கிற வகையின் அடையாளம்.

அந்தக் கட்டைக் காலைத் தருவது ஒரே ஒரு மரபணு. எந்தக் கோழிக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி, தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. கட்டைக்கால் பிரதி ஒன்று இருந்தால் போதும், கால் கட்டையாகிவிடும். ஆனால் இரண்டும் கட்டைக்கால் பிரதியாக அமைந்தால் அந்தக் கரு உயிர் வாழாது. அடை வைத்த சில நாட்களிலேயே முட்டைக்குள் செத்துவிடும். ஆகவே உயிரோடு நடமாடுகிற ஒவ்வொரு கட்டைக்கால் கோழியும் ஒரு கட்டைப் பிரதியும் ஒரு நெட்டைப் பிரதியும் வைத்திருக்கிற கோழிதான். அதிலிருந்து "சுத்தமான" கட்டைக்கால் வரிசை ஒன்றை எவராலும் உருவாக்க முடியாது.

இப்போது உங்கள் இருபத்தி நான்கு முட்டைக்கு வருவோம். எல்லா முட்டையும் கருவுள்ளது என்று வைத்தாலும், கட்டையும் கட்டையும் சேர்ந்தால் நாலில் ஒன்று சாகும், நாலில் இரண்டு கட்டைக்கால், நாலில் ஒன்று நெடுங்கால். அதாவது ஆறு முட்டை போய்விடும், பன்னிரண்டு கட்டைக்கால், ஆறு நெடுங்கால். சரியாக அப்படியே வராது, சில அடையில் கூடும், சிலதில் குறையும். ஆனால் பல அடையைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் போகும்.

இனி அதே கட்டைக்கால் சேவலை நெடுங்கால் பேட்டோடு விடுங்கள். கரு சாவது இல்லை. பாதி கட்டைக்கால், பாதி நெடுங்கால். இருபத்தி நான்கு முட்டைக்குக் கட்டைக்கால் பன்னிரண்டு, நெடுங்கால் பன்னிரண்டு. கவனித்தீர்களா? கட்டைக்கால் குஞ்சின் எண்ணிக்கை இரண்டு விதத்திலும் ஒன்றுதான். கட்டையும் கட்டையும் சேர்ப்பதால் ஒரு குஞ்சுகூட அதிகமாக வருவதில்லை, ஆறு உயிர் மட்டும் வீணாகிறது. நெடுங்கால் பேடு உயரமாக நிற்பதால் மாரிச் சேற்றில் வயிறு இழுபடாது. ஆனால் கட்டைக்கால் சேவல் மிதிக்க வேண்டும் என்பதால் பேடு மிக உயரமாகவும் இருக்கக் கூடாது. அதனால்தான் அந்த நாலு குஞ்சும் முக்கியம். பார்வைக்குச் சாதாரணம், ஆனால் பருமன், வால், கொண்டை, நிறம் எல்லாம் உங்கள் இனத்தின் இரத்தம்தான்.

சுருள் இறகுக் கோழி வைத்திருப்பவர்களுக்கும் இதைப் போல ஒன்று சொல்ல வேண்டும். சுருளையும் சுருளையும் சேர்த்தால் குஞ்சு சாகாது, ஆனால் நாலில் ஒன்றுக்கு இறகு அளவு மீறிச் சுருண்டு, உடைந்து, உடம்பு வெறுமையாகத் தெரியும். மாரிக் குளிரை அது தாங்காது. அங்கேயும் ஒரு பக்கம் நேர் இறகு இருக்க வேண்டும்.

தாயின் உயரத்துக்கு வந்துவிட்ட அந்த இரண்டு குஞ்சின் கதை வேறு. அது மரபணுக் கணக்கு அல்ல, வேலிக் கணக்கு. பகலில் உங்கள் பேடுகளை வளவில் மேய விடுகிறீர்கள், அயல் வீட்டு ஊர்க்கோழிச் சேவல் வந்து போகிறது, அவ்வளவுதான். ஒரு தரம் மிதித்தாலே போதும், பேட்டின் உடம்புக்குள் சேவலின் வித்து இரண்டு கிழமை, சில வேளை மூன்று கிழமை வரைக்கும் உயிரோடு இருக்கும். நேற்றுப் பிடித்து அடைத்துவிட்டு இன்று முதல் முட்டை பொறுக்கினால் அது யாருடைய குஞ்சு என்று சொல்ல முடியாது. அடைக்கு முட்டை எடுக்க நினைத்தால் சேவலையும் பேடுகளையும் மூன்று கிழமைக்கு முன்பே தனியாக அடையுங்கள். அந்த மூன்று கிழமை முட்டை குசினிக்கு, அதற்குப் பிறகு வருவது அடைக்கு. ஒரு சேவலுக்கு ஐந்து ஆறு பேடு வரைக்கும் சரி. உங்கள் பன்ரம் சேவல் ஊர்ச் சேவலோடு சண்டைக்குப் போகும், தன் பருமன் அதற்குத் தெரியாது. நான் அப்படி ஒரு நல்ல சேவலை இழந்திருக்கிறேன். தனிக் கூடு என்பது அதன் உயிருக்கும் காவல்.

இங்கே ஒரு விசயத்தைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கம் காட்டோரம் இருப்பவர்கள் காட்டுக்கோழி முட்டையைப் பொறுக்கி வந்து பன்ரம் பேட்டுக்குக் கீழே வைப்பதைக் கண்டிருக்கிறேன். பருமன் ஒத்துப்போகும், பேடும் அடை கிடக்கும், குஞ்சும் பொரிக்கும். ஆனால் அந்தக் குஞ்சு மனிதரிடம் ஒட்டாது, பயந்து தீன் எடுக்காமல் பெரும்பாலும் சில நாளில் செத்துவிடும். கொண்டையின் நடுவில் மஞ்சள் பூத்த அந்தக் காட்டுச் சேவல் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இந்த நாட்டின் தேசியப் பறவை, சட்டம் காக்கிற உயிர். ஒரு கூட்டில் இரண்டு முதல் நாலு முட்டைதான் இருக்கும். அதை எடுத்தால் அந்தப் பேட்டின் ஒரு பருவம் முழுதும் போகிறது. வீட்டுக் கோழியோடு கலந்து வருகிற குஞ்சுக்குக் கருவளமும் மிகக் குறைவு, இனப்பெருக்கத்துக்கு ஒரு பயனும் இல்லை. அதைக் காட்டிலேயே கூவ விடுங்கள்.

சரி, உங்கள் கணக்கில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆறு முட்டை மரபணுவால் போனது என்றால் பதினெட்டுக் குஞ்சு வந்திருக்க வேண்டும். வந்தது பதினொன்று. மிச்சம் ஏழு முட்டை எங்கே போனது?

நீங்கள் முட்டை சேர்த்தது வைகாசி, ஆனி மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வெயிலைத்தான் சந்தேகப்படுகிறேன். கோழி முட்டைக்குள் இருக்கும் கரு இருபத்தொரு, இருபத்திரண்டு பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால்தான் முழுதாக உறங்கும். அதற்கு மேல் போனால் மெல்ல மெல்ல வளரத் தொடங்கும், ஆனால் ஒழுங்காக வளரப் போதிய சூடு இருக்காது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் தகரம் போட்ட வீட்டுக்குள் பகலில் முப்பத்தைந்து பாகை போகும். பத்துப் பன்னிரண்டு நாள் குசினித் தட்டில் வைத்த முட்டை, அடைக்குப் போகிறபோதே அரைவாசி செத்த முட்டைதான். நாங்கள் செய்வது இது: அகன்ற மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன் மேல் இன்னொரு காய்ந்த சட்டியை வைத்து, அதற்குள் உமி பரப்பி, முட்டையைக் கூர்முனை கீழே பார்க்க அடுக்கி, வீட்டில் மிகக் குளிர்ந்த மூலையில் வைப்போம். கோடையில் ஐந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை, மாரி முடிந்த காலத்தில் ஏழு நாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் அடை முட்டையை வைக்காதீர்கள். முட்டையைக் கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கிற பூச்சு போனால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும்.

இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று எங்கள் ஆச்சி அடைப்பெட்டிக்குள் இரும்பாணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் வைப்பார். நானும் பல வருடம் வைத்தேன். பிறகு ஒரு அடைக்கு வைத்து, ஒரு அடைக்கு வைக்காமல் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. இடி இடிக்கிற நாள் என்பது புழுங்கி, பிறகு மழை பெய்து குளிர்கிற நாள். பேடு பயந்து எழும்பி ஓடினால் முட்டை ஆறிவிடும். பேடு அமைதியாகக் கிடக்க ஒரு இருட்டு மூலையைக் கொடுப்பதுதான் மருந்து.

அடை வைக்கிற விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் இரண்டு மூன்று இடத்தை மட்டும் சொல்கிறேன். பன்ரம் பேடு தன் முட்டை என்றால் ஆறிலிருந்து எட்டுத்தான் மூடும். ஒரு முட்டை கூட வைத்தால் ஓரத்து முட்டை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் குளிரும், கடைசியில் எல்லாமே கெடும். ஊர்க்கோழி முட்டை என்றால் நாலு, ஐந்து. ஓலைப்பெட்டியோ பழைய கடகமோ எடுத்து, அடியில் கொஞ்சம் மண்ணைக் குழிவாகப் பரப்பி, மேலே வைக்கோல். மண்ணின் ஈரம் கோடையில் முட்டைக்கு நல்லது. பன்ரம் முட்டை பத்தொன்பதாம், இருபதாம் நாளிலேயே ஓடு உடைக்கத் தொடங்கும், இருபத்தொரு நாள் என்று நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஏழாம் நாள் இரவு டோர்ச் லைட் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. வெறும் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் சேவல் மிதிக்காத முட்டை. நரம்பு ஒன்றும் இல்லாமல் ஒரு சிவப்புக் கோடு மட்டும் வட்டமாகத் தெரிந்தால், அது வளரத் தொடங்கிச் செத்த கரு. கட்டைக்கால் கணக்கில் போகிற முட்டை பெரும்பாலும் இந்த இரத்த வளையமாகத்தான் தெரியும். இதை எழுதி வையுங்கள். வெறும் முட்டை கூடினால் சேவலைப் பார்க்க வேண்டும். இரத்த வளையம் நாலில் ஒன்றுக்கு மேல் போனால் முட்டை வைத்த இடத்தின் சூட்டைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் "கூழ்முட்டை" என்று ஒரே பெயரால் எறிந்துவிட்டால் பிழை எங்கே என்று ஒருபோதும் தெரியாது.

மெசின் வைத்துப் பொரிக்க நினைத்தால் முப்பத்தேழரைப் பாகை சூடு, முதல் பதினேழு பதினெட்டு நாள் ஈரப்பதம் ஐம்பது வீதத்துக்குப் பக்கம், கடைசி மூன்று நாள் அறுபத்தைந்துக்கு மேல். ஆனால் இருக்கிற பேடு இவ்வளவு அழகாக அடை கிடக்கும்போது, மின்சாரம் போய் வருகிற இடத்தில் மெசினுக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

எப்போது அடை வைப்பது என்பது வன்னியில் எல்லாவற்றையும் விட முக்கியம். தைக் கடைசியிலிருந்து சித்திரை வரைக்கும்தான் பொன்னான காலம். மழை விட்டிருக்கும், நிலத்தில் புழு பூச்சி இருக்கும், மாசி பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து வயலிலும் களத்திலும் நெல் சிந்திக் கிடக்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் பொரிக்க வைக்காதீர்கள். பேடு அடை கிடந்தாலும் முட்டை வைக்காமல், கம்பி வலை அடித்த கூட்டில் வைக்கோல் ஒன்றும் போடாமல் மூன்று நாலு நாள் விடுங்கள், வயிற்றுக்குக் கீழே காற்றுப் பட அடை கலையும். மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம், அது வீண் சித்திரவதை.

மாரிக் குஞ்சை ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், சின்ன உடம்புக்கு அதன் பருமனோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். அதனால் கோடையில் சூட்டைக் கொஞ்சம் நன்றாக வெளியேற்றும், அதே காரணத்தால் மாரியில் வேகமாகக் குளிரும். 2022 மார்கழியில் வங்காள விரிகுடாப் புயலோடு வந்த குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் கூட்டம் கூட்டமாக விறைத்துச் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாட்டுக்கே அப்படி என்றால், உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு என்ன செய்யும்? அந்த இரண்டு இரவும் நான் கோழியெல்லாவற்றையும் கடகத்தில் போட்டு வீட்டுக்குள் வைத்துத்தான் காப்பாற்றினேன்.

கூட்டைப் பற்றி. நிலத்திலிருந்து மூன்று அடி உயரத்தில் கட்டுங்கள். 2018 மார்கழி வெள்ளம் எத்தனையோ வீட்டின் கோழிக்கூட்டை அப்படியே மூடியது, அதற்குப் பிறகு நான் எல்லாக் கூட்டையும் உயர்த்திவிட்டேன். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குத்தாது. மாரியில் வாடைக்காற்று வடக்கும் கிழக்குமாக அடிக்கும், அந்த இரண்டு பக்கத்தையும் கிடுகாலோ தறப்பாளாலோ மூடிவிட்டு, கோடை வந்ததும் கழற்றிவிட வேண்டும். கூரைக்கு ஓலைதான் நல்லது. தகரம்தான் இருக்கிறது என்றால் அதன் மேலே பனையோலை பரப்புங்கள். தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்க மூடினால் கோழியின் எச்சத்து வாடை உள்ளே நின்று கண் நோயும் சளியும் வரும், மேலே ஒரு சாண் காற்றுக்கு விடுங்கள்.

வலை வாங்கும்போது காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஊர்க்கோழிக்கு அடிக்கிற பெரிய கண் வலை பன்ரத்துக்கு உதவாது. அரை அங்குலக் கண் வேண்டும். கீரி தலை நுழைகிற இடத்தில் உடம்பையும் நுழைத்துவிடும். மரநாய் இரவில் கூரையில் இருந்து ஓலையைப் பிரித்து இறங்கும், ஒரு கோழியைத் தின்ன வந்து ஆறைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். சாரைப் பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். காட்டோரம் என்றால் வெங்கிணாந்திப் பாம்பு பேட்டையே விழுங்கும். கட்டைக்கால் கோழியால் ஓடித் தப்ப முடியாது, மற்றக் கோழி பாய்ந்து மரத்தில் ஏறுகிற நேரத்தில் இது நிலத்திலேயே நிற்கும். பகலில் பருந்தும் காகமும் செண்பகமும் குஞ்சு தூக்கும். ஆறு கிழமை வரைக்கும் தாயையும் குஞ்சையும் மேல் மூடிய ஒரு சின்னக் கூண்டில் வைத்துக் கூண்டை வளவில் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். கூட்டுக் கதவுக்குக் கொளுக்கி மட்டும் போதாது, ஒரு கம்பி முறுக்கு வேண்டும். நான் எண்ணிப் பார்த்தேன், இத்தனை வருடத்தில் நோயில் இழந்ததற்குப் பக்கத்தில் நிற்கிற அளவுக்கு ஒழுங்காகப் பூட்டாத கதவால் இழந்திருக்கிறேன்.

தீன் பெரிய பிரச்சினை இல்லை. வளர்ந்த ஒரு பன்ரம் ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் தின்னாது. நெல், குறுணல், உடைத்த சோளம், குரக்கன், கொஞ்சம் எள்ளுப் புண்ணாக்கு, முருங்கை இலை. முட்டையிடுகிற பேட்டுக்குச் சிப்பியை நொறுக்கி ஒரு சிரட்டையில் வையுங்கள். குஞ்சுக்கு முதல் நாலு கிழமை கடையில் விற்கிற குஞ்சுத் தீனே நல்லது, நெல்லும் பெரிய குறுணலும் அதன் தொண்டைக்குப் பெரிது. அதோடு எங்கள் ஊர்ப் பழக்கமான கறையான் பிடிப்பை விடாதீர்கள். பழைய பானைக்குள் வைக்கோலும் காய்ந்த சாணமும் நிரப்பித் தண்ணீர் தெளித்து, பின்னேரம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கறையான். பன்ரம் குஞ்சுக்கு அதை விட நல்ல புரதம் எனக்குத் தெரியாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், முதல் கிழமைக் குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். குஞ்சு பெருத்துவிடும் என்று பயந்து தீனைக் குறைக்கிற சிலரை அறிவேன். பருமன் மரபில் வருவது. பட்டினி போட்டால் குள்ளமாகாது, நோஞ்சானாகும்.

நோயில் ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அது வந்தால் மிஞ்சுவது வெறும் கூடுதான். இராணிக்கெட் என்பது அதன் பெயர், நியூகாசில் என்றும் சொல்வார்கள். கோழி குறாவிக்கொண்டு நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும், ஒரு கிழமைக்குள் வளவே வெறுமையாகும். வைரசு நோய் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை, சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுத்து மாற்றினேன் என்பவர்களின் கோழிக்கு வந்தது வேறு ஏதோ நோய். தடுப்பு மருந்து ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு மிருக வைத்தியர் சொல்கிற இடைவெளியில் மீண்டும். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதும், கரைத்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் வீண்தான். அயலில் ஏழெட்டு வீட்டைச் சேர்த்து ஒரு நாள் குறித்துக்கொண்டு, அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கதையுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், வெயிலில் சைக்கிள் கூடையில் வந்த மருந்து வெறும் தண்ணீர். அயல் கோழிக்கும் போடுவதில் உங்களுக்கு இரட்டைப் பலன், உங்கள் வேலிக்கு வெளியே நோய் இல்லாமல் போகும்.

மழைக்குப் பிறகு நுளம்பால் வருகிற அம்மைக்கும் தடுப்பு மருந்து உண்டு, சிறகுத் தோலில் குத்துவார்கள். ஈர நிலத்தில் குஞ்சுக்கு வருகிற இரத்தக் கழிச்சலுக்கு உடனே மருந்து எடுக்க வேண்டும், கூட்டுக்குள் உமியைக் காய்ந்ததாக வைத்தால் பாதி வராது. காலில் செதில் தடித்து வெள்ளையாக எழும்பினால் அது உண்ணிப் பூச்சி, வேப்பெண்ணெயைக் கிழமைக்கு இரண்டு தரம் பூசுங்கள். கட்டைக்கால் கோழிக்கு அது சீக்கிரம் வரும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து வைத்தால் அவை தானாகவே குளித்துக்கொள்ளும். எந்த மருந்தையும் உடம்பு நிறைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கட்டைக்கால் பேடு நானூறு ஐந்நூறு கிராம்தான், ஊர்க்கோழியின் அளவைக் கொடுத்தால் அதுவே நஞ்சு. புதிதாகக் கோழி வாங்கினால் மூன்று கிழமை வளவின் அடுத்த கோடியில் தனியாக வையுங்கள்.

இனத்தைப் பெருக்குவதற்கு உங்களிடம் இருக்கிற ஒரு சேவல் போதாது. அண்ணன் தங்கையாகச் சேர்ந்துகொண்டே போனால் மூன்றாம் நாலாம் தலைமுறையில் பொரிப்புக் குறையும், குஞ்சு வலுவில்லாமல் வரும். வேறு இடத்தில், உங்கள் கோழிக்குச் சொந்தமில்லாத ஒரு சேவல் தேடுங்கள். மூன்று கூடு வைக்க முடிந்தால் நல்லது. ஒவ்வொரு வருடமும் முதல் கூட்டில் பிறந்த நல்ல சேவலை இரண்டாம் கூட்டுக்கும், இரண்டாவதை மூன்றாவதுக்கும், மூன்றாவதை முதலாவதுக்கும் மாற்றுங்கள். பேட்டுக் குஞ்சுகள் பிறந்த கூட்டிலேயே இருக்கட்டும். இப்படிச் சுழற்றினால் நெருங்கிய இரத்தம் சேர நெடுங்காலம் பிடிக்கும். எந்தக் குஞ்சு எந்தக் கூடு என்று தெரிய காலில் நிற வளையம் போட்டு, கொப்பியில் எழுதுங்கள். வளரும்போது வளையம் இறுகாமல் பாருங்கள்.

எங்களுடைய பழைய வரிசை 2008 இடப்பெயர்வோடு போய்விட்டது. வெளிக்கிட்ட அன்று கூட்டுக் கதவைத் திறந்துவிட்டுத்தான் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது கூடும் இல்லை, கோழியும் இல்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு உறவினரிடம், முன்பு நானே அவருக்குக் கொடுத்த நெடுங்கால் பேடு ஒன்றின் பிள்ளைகள் இருந்தன. "சாதி கெட்டது" என்று நான் கொடுத்த அதே பேடு. வேறொருவரிடம் ஒரு கட்டைக்கால் சேவல் வாங்கிச் சேர்த்தேன். முதல் அடையிலேயே கட்டைக்கால் நாலு வந்தது, வால் எங்கள் பழைய சேவலின் வால். இன்று என்னிடம் இருப்பதெல்லாம் அந்த வரிசை.

வருமானம் பற்றி உண்மையைச் சொல்கிறேன். பன்ரத்தை மட்டும் நம்பி வீட்டுச் செலவு பார்க்க முடியாது. முட்டை சின்னது, பத்துப் பதினைந்து இட்டுவிட்டு அடை கிடந்துவிடும். இறைச்சிக்கும் ஆகாது, விருப்பத்துக்குச் சோடி வாங்குகிற ஆட்கள் குறைவு. ஆனால் அந்த அடை கிடக்கிற குணமே உங்களுக்குக் காசு. நல்ல ஊர்க்கோழிகள் ஐந்தாறு வைத்து, அவற்றை முட்டையிட விட்டு, அந்த முட்டையைப் பன்ரம் பேடுகளுக்குக் கீழே வையுங்கள். ஊர்ப்பேடு அடைக்குப் போய் இரண்டு மூன்று மாதம் வீணாகாது, பன்ரம் பேடு மாரி தவிர்ந்த காலத்தில் வருடத்துக்கு மூன்று அடை தரும். ஊர்க்கோழிக் குஞ்சுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு. அதோடு வருகிற பன்ரம் சோடிகளை விற்பது மேலதிகம். விற்கும்போது கட்டைக்கால் சேவலோடு ஒரு நெடுங்கால் பேட்டையும் சேர்த்துக் கொடுத்து, ஏன் என்று விளக்குங்கள். உங்களுக்கு வந்த இந்தக் குழப்பம் அவர்களுக்கு வராது.

இப்போது ஆவணி. அடுத்த அடை தைக்குத்தான், ஆகவே நேரம் இருக்கிறது. அந்த நாலு நெடுங்காலில் எது பேடு, எது சேவல் என்று இன்னும் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பெருத்துப் போன அந்த இரண்டையும் வேறாக்கி ஊர்க்கோழிகளோடு விட்டுவிடுங்கள். கூட்டின் வடக்கு, கிழக்குப் பக்கத்தை ஐப்பசிக்கு முன் மூடுங்கள். மார்கழிக் கடைசியில் சேவலையும் பேடுகளையும் தனியாக அடைத்து, திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். நெடுங்காலில் பேடு எத்தனை வந்தது என்று எனக்கும் அறிவியுங்கள். எல்லாமே சேவலாகிவிட்டால் என்னிடம் இரண்டு பேட்டுக் குஞ்சு இருக்கிறது, தருகிறேன்.